நன்றாக ஓடும் கணினியை ஏன் மாற்ற வேண்டும்?

2017 மே மாதம். திருத்தணியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டரில் இருக்கும் திருப்பதியில், தேவஸ்தானத்தின் நிர்வாக வேலைகளுக்கான சில கணினிகள் திடீரென்று முடங்கின. கோப்புகளுக்குப் பூட்டு, திரையில் பணம் கேட்டு மிரட்டல். பக்தர்களுக்கான சேவைகள் தப்பின. சித்தூர் உள்ளிட்ட சில ஆந்திர மாவட்டங்களில் போலீஸ் கணினிகளும் அதே நாட்களில் மாட்டின. மே 12 அன்று கிளம்பிய 'வான்னாக்ரை' வைரஸ், ஏறத்தாழ 150 நாடுகளில் புகுந்துவிட்டிருந்தது.

இத்தனைக்கும், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. உலகெங்கும் மாட்டியவற்றில் பெரும்பாலானவை அப்டேட் கிடைத்தும் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கணினிகள். அப்டேட்டே நின்றுபோயிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு, நிலைமை கைமீறிய பிறகு அவசரமாக ஒரு திருத்தம் வந்தது.

திருத்தணி மலையடிவாரத்து லாட்ஜானாலும், பஜாரில் உள்ள நகைக்கடையானாலும் கேள்வி ஒன்றுதான்: 'நல்லா ஓடிட்டிருக்கிற சிஸ்டத்தை எதுக்கு மாத்தணும்?' நியாயமான கேள்விதான். மிக்ஸியும் மின்விசிறியும் கெட்டுப்போனால்தானே மாற்றுகிறோம்?

கணினியின் இயங்குதளம் அப்படியல்ல. அது பல கோடி வரிகள் கொண்ட நிரல்; அதில் பிழைகள் இருந்தே தீரும். தயாரித்த நிறுவனம் மாதந்தோறும் அவற்றைத் தேடி அடைக்கிறது. ஆதரவு முடிந்த பிறகு பிழைகள் மட்டும் மிஞ்சும், அடைக்க ஆள் இருக்காது. இன்னொரு வினையும் உண்டு. புதிய பதிப்புக்கு வரும் திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தே, ஓட்டை எங்கே இருந்தது என்று திருடர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே ஓட்டை பழைய பதிப்பில் திறந்தே கிடக்கும்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமானால் கணினியில் 'டிபிஎம் 2.0' என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய பிராசஸரும் வேண்டும். 2017க்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களில் ஏறக்குறைய எதுவும் தேறாது. பழையதிலேயே நீடிக்க நினைக்கும் நிறுவனங்களுக்குக் கட்டண அப்டேட் உண்டு: ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. மூன்று ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டுவதைவிடப் புதிய கணினியைப் பற்றி யோசிப்பதே மேல்.

மூன்றாவது வழி லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தபோது, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. அதற்கு முன்பே, 2011 செப்டம்பர் 15 அன்று திருத்தணி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கடிதம் அடிக்க, இணையம் பார்க்க லினக்ஸ் தாராளமாகப் போதும். ஆனால் கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. பில் அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று முதலில் ஒரே ஒரு கணினியில் பார்த்துவிடுவது நல்லது.

பெரிய இடங்களும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நாட்டின் ஏடிஎம்கள் பலவும் எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்த நிலையில், ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் வங்கிகளுக்குப் படிப்படியாகக் கெடு வைத்தது: செப்டம்பருக்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால், ஜூனுக்குள் முழுவதும்.

அவசரத்துக்கும் விலை உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்தியாவில் சில விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்தான் கிடைத்தது.

ஆகவே கடைக்காரர் பார்க்க வேண்டியது கணினியின் வயதை அல்ல, அதன் வேலையை. இணையமே இல்லாமல் எடைத் தராசோடு மட்டும் பேசும் கணினி இன்னும் சில காலம் ஓடலாம். பென் டிரைவை மட்டும் அதில் செருகக் கூடாது. தங்குவோரின் ஆதார் நகலையும் வங்கிக் கணக்கையும் வைத்திருக்கும் லாட்ஜ் கணினிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதை மாற்றியே ஆக வேண்டும். மாற்றுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் தனி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். காவடிகள் வந்து குவியும் ஆடிக் கிருத்திகை வாரத்தில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.