பழைய வாத்தியாரைக் கண்டால் ஒளியலாமா?

மாலை ஏழு மணி. முலுண்ட் ரெயில் நிலையம். வி.டி.யிலிருந்து வந்த லோக்கல் ரெயில் நிற்பதற்குள் பாதிக் கூட்டம் குதித்து இறங்குகிறது. தோளில் பை, கையில் டிபன் டப்பா, முகத்தில் ஒரு நாள் உழைத்த களைப்பு. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பாலத்தில் நீங்களும் ஏறுகிறீர்கள்.

எதிரே ஒரு பெரியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறார். எங்கோ பார்த்த முகம். மறு நொடியே தெரிந்துவிடுகிறது. உங்களுக்கு ஏழாம் வகுப்பில் கணக்குப் போட்ட வாத்தியார்!

அப்போது என்ன செய்வீர்கள்? ஓடிப்போய் வணங்குவீர்களா? அல்லது கூட்டத்தோடு கூட்டமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவீர்களா?

திருப்பிக்கொண்டு போகிறவர்களே அதிகம். இதற்கு மரியாதைக் குறைவு காரணம் அல்ல, வெட்கம்தான் காரணம். "என்ன செய்கிறாய் தம்பி?" என்று சார் கேட்டுவிட்டால்? "ஒரு கம்பெனியில் குமாஸ்தா" என்று சொல்ல வேண்டும். "பட்டறையில் பிட்டர்" என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கணக்கில் 90 மார்க் வாங்கிய பையனா இப்படி என்று அவர் நினைத்துவிட்டால்?

இந்த அச்சம் நியாயமானதுதானா? வாத்தியார்கள் தங்கள் பழைய மாணவர்களை எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள்?

1,200 பிள்ளைகள்

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வகுப்பில் 40 பேர். ஓர் ஆசிரியர் 30 ஆண்டு வேலை பார்க்கிறார். ஆண்டுக்கு ஒரு வகுப்பு என்று வைத்தாலும் 1,200 பிள்ளைகள். அவர்களில் பத்திரிகையில் படம் வருகிற அளவுக்கு உயர்ந்தவர் ஒருவர் இருந்தால் அதிசயம். பலருக்கு அந்த ஒருவரும் இருப்பதில்லை.

அந்த ஒருவருக்காகத்தான் சாக்பீஸ் தூளைச் சுவாசித்தேன் என்று ஓர் ஆசிரியர் நினைத்தால், மீதி 1,199 பேருக்குக் கற்பித்த நாட்கள் எல்லாம் வீண் என்று ஆகிவிடும். எந்த ஆசிரியரும் தன் வாழ்க்கையை இப்படித் தள்ளுபடி செய்துகொள்ள மாட்டார். ஆகவே, பதவியை வைத்து மட்டும் பிள்ளைகளை எடைபோட அவரால் முடியாது.

அவர் நினைவில் இருப்பது வேறு. யார் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், யார் கடைசிப் பெஞ்சில் தூங்குவான், எந்தப் பெண் மழை நாளிலும் வந்துவிடுவாள் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். நீங்கள் மறந்துவிட்ட உங்களை அவர் வைத்திருக்கிறார்.

30 ரூபாய் குமாஸ்தா

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் 1904-ம் ஆண்டு பரிசளிப்பு விழா நடந்தது. தலைமை ஆசிரியர் கிருஷ்ணசுவாமி அய்யர் ஒரு மாணவனை மேடைக்கு அழைத்தார். கணிதப் பரிசு அவனுக்குத்தான். முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்கத் தகுந்தவன் இவன் என்று அறிமுகப்படுத்தினார். அந்த மாணவன்தான் ராமானுஜன்.

அதன் பிறகு நடந்தது என்ன? கல்லூரியில் கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்கவில்லை. உதவித்தொகை போயிற்று. வீட்டை விட்டு ஓடினார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. வேலை தேடி அலைந்து, 1912 மார்ச் 1-ந் தேதி சென்னை துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

அந்த நாளில் அவருடைய பழைய ஆசிரியர் ஒருவர் துறைமுக வாசலில் அவரைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? முழு மதிப்பெண்ணுக்கும் மேலே என்று மேடையில் புகழப்பட்ட பையன், கடைசியில் குமாஸ்தா ஆகிவிட்டானே என்று வருந்தியிருக்கலாம். ஆனால் 6 ஆண்டு கழித்து, 1918-ல், அந்தக் குமாஸ்தா லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்!

எல்லாக் குமாஸ்தாவும் ராமானுஜன் ஆகிவிட மாட்டார்கள். அது நமக்குத் தெரியும். ஆனாலும், ஒரு மனிதனின் வாழ்க்கையை நடுவில் நிறுத்தி மார்க் போடக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? வாத்தியார் திருத்துகிற விடைத்தாள் முடிந்துபோன விடைத்தாள். பாலத்தில் எதிரே வருகிற மாணவனோ இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான்.

பிரம்பும் சாப்பாடும்

ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் அப்துல் கலாம் படித்தபோது, தவறுதலாக வேறு வகுப்புக்குள் நுழைந்துவிட்டார். கணித ஆசிரியர் ராமகிருஷ்ண அய்யர் எல்லோர் முன்னிலையிலும் பிரம்பால் அடித்தார். பல மாதங்களுக்குப் பிறகு கணக்கில் கலாம் முழு மதிப்பெண் வாங்கினார். உடனே அதே ஆசிரியர், நான் அடித்த பிள்ளை பெரிய ஆளாக வருவான் என்று பள்ளிக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னாராம். கலாமே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. அந்தப் பிரம்பில் அடிபட்ட மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

அதே கலாம் இன்னோர் ஆசிரியரையும் மறக்கவில்லை. ராமேசுவரத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்த சிவசுப்பிரமணிய அய்யர் அவரைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். ஆசாரம் மிகுந்த குடும்பம். முஸ்லிம் சிறுவனுக்குச் சமையல் அறையில் பரிமாற அவர் மனைவி மறுத்தார். அய்யர் கோபப்படவில்லை. தாமே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரம் மறுபடியும் அழைத்தார். இந்தத் தடவை அந்த அம்மாளே உள்ளே அழைத்துப் போய்ப் பரிமாறினார்.

அந்தச் சாப்பாட்டுக்கு மார்க் கிடையாது. பாடத்திட்டத்திலும் அது இல்லை. ஆனால் அந்த மாணவர் 2002-ல் ஜனாதிபதி மாளிகைக்குப் போகும்போதும் அதைக் கூடவே கொண்டு போனார். எந்த நாளில், எந்தப் பேச்சில் ஒரு பிள்ளையின் மனம் திறக்கும் என்று ஆசிரியருக்கே தெரியாது.

சிதம்பரத்தில் பிறந்தவர்

நம்மைப்போல வெளிமாநிலத்தில் வளர்ந்த ஒரு தமிழரின் கதை இது. வெங்கி ராமகிருஷ்ணன் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்தார். 3 வயதிலேயே குடும்பம் குஜராத்தில் பரோடாவுக்குப் போய்விட்டது. பள்ளிப் படிப்பின் பெரும் பகுதியும் பட்டப் படிப்பும் அங்கேதான்.

2009 அக்டோபர் 7-ந் தேதி அவருக்கு வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அவ்வளவுதான், பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் நடத்தினோம் என்றும் சிலர் கிளம்பிவிட்டார்கள். அவரோ அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்ததே இல்லை! இதை அவர் மனம் நொந்து வெளிப்படையாகவே சொன்னார். அந்தப் பேச்சு பலரைப் புண்படுத்தியது. பிறகு, தம்மை நேரில் அறிந்தவர்களும் பழைய நண்பர்களும் எழுதியது மகிழ்ச்சியே என்று விளக்கம் தந்தார். பள்ளியில் தமக்குக் கற்பித்த டி.சி. பட்டேல் என்ற ஆசிரியரைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் நன்றியோடு பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வென்றவனுக்கு ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள முன்பின் தெரியாதவர்களும் வருவார்கள். ஆனால் தேர்வில் தோற்றவனுக்கு, வேலை இழந்தவனுக்கு, "இவன் என் மாணவன்" என்று சொல்ல எந்தப் போலி ஆசிரியரும் வரமாட்டார். அப்படிச் சொல்கிறவர் உண்மையான ஆசிரியர் ஒருவர்தான்.

மில் மூடிய நாட்கள்

மும்பை வாழ்க்கையில் இது பெரிய விஷயம். இங்கே மாநகராட்சி நடத்திய தமிழ்ப் பள்ளிகளில் படித்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தாராவி வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். நன்றாகப் படித்தும், வீட்டுக் கஷ்டத்தால் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் உண்டு. மில்லில் சேர்ந்தவர்கள் உண்டு. 1982 ஜனவரி 18-ந் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் 2½ லட்சம் மில் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அதற்குப் பிறகு வேலைக்குத் திரும்ப முடியாமல் போனவர்கள் ஏராளம்.

அவர்கள் படிக்காததால் வேலை போகவில்லை. வாத்தியார் சரியாகக் கற்பிக்காததாலும் போகவில்லை. மனிதனின் முயற்சி ஒரு பங்கு. ஊரும் காலமும் செய்கிற வேலை மறு பங்கு. இதை ஆசிரியர்களும் உணர வேண்டும். பழைய மாணவனைக் கண்டதும் முதல் கேள்வியாக "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்காதீர்கள். "உன்னோடு படித்த அவன் அமெரிக்காவில் இருக்கிறானே" என்று ஒப்பிடாதீர்கள். "அம்மா சுகமா? பிள்ளைகள் படிக்கிறார்களா?" என்று கேளுங்கள். அவன் நெஞ்சு நிறைந்துவிடும்.

இன்றே செய்யுங்கள்

இனி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வு பெற்ற ஆசிரியரின் வீட்டுக்கு யார் வருகிறார்கள்? பள்ளி மணி அடிப்பதில்லை. "சார்" என்று கூப்பிடும் குரலும் குறைந்துவிடுகிறது. செப்டம்பர் 5-ந் தேதி ஆசிரியர் தினத்தன்று பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்குப் பூ கிடைக்கிறது. ஓய்வு பெற்றவர்களை அன்றுகூட நினைப்பவர்கள் சிலர்தான்.

ஊருக்குப் போகும்போது குலதெய்வத்தைப் பார்க்கிறீர்கள். உறவினர் வீட்டுக்கெல்லாம் போகிறீர்கள். பழைய வாத்தியார் வீட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அரைக் கிலோ ஆரஞ்சுப் பழம் போதும். பதவி தேவையில்லை.

முலுண்ட் பாலத்தில் அவர் எதிரே வந்தால் ஒளியாதீர்கள். முன்னால் போய் நின்று, உங்கள் பெயரையும் படித்த ஆண்டையும் சொல்லுங்கள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். கொஞ்ச நேரம் யோசிப்பார். "ஜன்னல் ஓரம் உட்காருவாயே, அவனா?" என்று கேட்டாலும் கேட்பார்.

பையை வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கட்டில் கூட்டம் அதிகம். கையைப் பிடித்துக் கீழே இறக்கி விடுங்கள்.