பிள்ளை படம் எடுக்கப் போகிறதா?

சினிமா டைரக்டர் என்றதும் உங்கள் மனக்கண்ணில் யார் வந்து நிற்கிறார்? தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் ஒலிபெருக்கி, சுற்றிலும் நூறு பேர். அப்படித்தானே? தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், பாய் விரித்து முன்னால் இடம் பிடித்த நம் பெரியவர்களும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். சினிமா என்றால் மெட்ராஸ். சினிமா என்றால் மூட்டை மூட்டையாகப் பணம்.

அந்தக் காலம் போய்விட்டது. இன்று சிங்கப்பூரில் நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி, லசால் கலைக் கல்லூரி போன்ற இடங்களில் சினிமா ஒரு பாடம். மாணவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, ஒரே ஒரு கேமராவை வைத்துக்கொண்டு சின்னப் படம் எடுக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையோ, ஜொகூர்ப் பாலம் தாண்டிப் படிக்கப் போன அண்ணன் மகளோ, "நான் படம் எடுக்கப் போகிறேன்" என்று வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? "உருப்படுகிற வழியைப் பார்" என்று சொல்வதற்கு முன்னால், அது என்ன வேலை என்று ஒரு முறை பார்த்துவிடுவோமே!

நமக்குப் புதிதல்ல

சிங்கப்பூரில் படம் எடுப்பது நம்மவருக்குப் பழைய தொழில். பாலஸ்டியர் ரோட்டை ஒட்டிய ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய்ப் பட ஸ்டூடியோ இருந்தது. 1967-ல் அது மூடப்பட்டது. நாம் எல்லோரும் பாடி மகிழ்ந்த பி. ரம்லி முதன்முதலில் தோன்றிய 'சிந்தா' (1948) படத்தை எடுத்தவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். ரம்லியை முதல் தடவையாகக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தை எடுத்தவர் எல். கிருஷ்ணன். இருவருமே இந்தியாவில் பிறந்தவர்கள்.

பிற்காலத்தில் கே. ராஜகோபால் வந்தார். சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் 1995, 1996, 1997 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அவருடைய குறும்படங்கள் நடுவர்களின் சிறப்புப் பரிசைப் பெற்றன. ஆனால் அவருடைய முதல் முழுநீளப் படமான 'எ யெல்லோ பேர்ட்' வெளிவந்தது 2016-ல்தான். சிறையிலிருந்து வெளிவரும் ஒரு தமிழன், பிரிந்துபோன மனைவியையும் மகளையும் தேடும் கதை அது. சிவகுமார் பாலகிருஷ்ணன் நடித்த அந்தப் படம் பிரான்சின் கான் நகரில் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. இடையில் எத்தனை ஆண்டுகள் ஓடின, பார்த்தீர்களா? சின்னப் படம் எடுத்தவுடன் பெரிய படம் வந்து கதவைத் தட்டாது. இதைப் பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எரிக் கூ எடுத்த 'மை மேஜிக்' 2008-ல் கான் விழாவின் முக்கியப் போட்டிக்கே போனது. பெரும்பாலும் தமிழ் பேசும் படம் அது. அதில் தகப்பனாக நடித்த பிரான்சிஸ் போஸ்கோ நிஜ வாழ்க்கையில் ஒரு மந்திரவித்தைக்காரர். பெரிய நட்சத்திரம் இல்லாமலும் ஒரு தமிழ் முகம் உலகத்தின் முன்னால் போய் நின்றது.

விடிவதற்கு முன்பே வேலை

சரி, மாணவப் படப்பிடிப்பு எப்படி நடக்கிறது? ஒரு கதையை வைத்துக்கொள்வோம். அம்மாவின் வளையலை அடகு வைக்க ஒரு பையன் சிராங்கூன் ரோட்டுக்கு வருகிறான்; மனம் கேட்காமல் திரும்பிப் போகிறான். அவ்வளவுதான் கதை. எழுத்தில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது சினிமாக்காரர்களின் கணக்கு. ஆக, ஐந்து பக்கம் எழுதினால் ஐந்து நிமிடப் படம்.

கதை நடக்கும் வரிசையில் படம் எடுப்பதில்லை. பையன் கடைக்குள் நுழைவதையும் கடைசியில் வெளியேறுவதையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். கடைக்காரர் இரண்டு தடவை இடம் கொடுப்பாரா? எனவே எந்த இடத்தில் எந்தக் காட்சி, யார் எத்தனை மணிக்கு வர வேண்டும், யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி முதல் நாளே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். விடிகாலைப் பிரட்டில் யாருக்கு எந்த நிரை என்று மண்டோர் சொல்வாரே, அதுபோல.

அனுமதியும் முன்கூட்டியே வாங்க வேண்டும். வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளம் என்றால் நகர மன்றத்தைக் கேட்க வேண்டும். கடை என்றால் கடைக்காரரை. கதையில் பொம்மைத் துப்பாக்கியோ போலீஸ் உடுப்போ வந்தால் போலீசுக்குச் சொல்லாமல் தெருவில் இறங்கவே கூடாது. நடிக்கிற பிள்ளை சிறுவயது என்றால் பெற்றவர்களின் சம்மதம் கட்டாயம் வேண்டும்.

தேக்காவில் ஒரு நாள்

சிங்கப்பூரில் காலை ஏழு மணியளவில் சூரியன் வருகிறது. உச்சிவேளையில் அது நேர் தலைக்கு மேல். அப்போது எடுத்தால் நடிகரின் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். ஆகவே காலையில் வெட்டவெளிக் காட்சி, உச்சியில் கடைக்கு உள்ளேயோ ஐந்தடி நடைபாதையின் நிழலிலோ நடக்கும் காட்சி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பிற்பகலில் மழை வந்துவிடலாம். மழை வந்தால் பால் போச்சு என்பது மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். படப்பிடிப்புக்கும் அதே கதிதான். மழை நாளுக்கென்று ஒரு காட்சியைக் கையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

வெளிச்சத்தைவிடப் பெரிய தொல்லை சத்தம். பஸ் போகும், கோயில் மணி அடிக்கும், பக்கத்துக் கடையில் சினிமாப் பாட்டு ஓடும். பாட்டு ஓடும்போது வசனம் எடுத்தால், காட்சியை வெட்டி ஒட்டும்போது பாட்டும் துண்டு துண்டாகத் தாவும். போதாக்குறைக்கு அந்தப் பாட்டுக்கு உரிமைக்காரர் வேறு இருக்கிறார்! கடைக்காரரிடம் பணிவாகக் கேட்டால் பத்து நிமிடம் நிறுத்தித் தருவார். ஞாயிற்றுக்கிழமையோ, தீபாவளிக்கு முந்திய வாரங்களோ வேண்டவே வேண்டாம். லிட்டில் இந்தியாவின் கூட்டம் யாருக்காகவும் ஒதுங்காது. அந்தக் கூட்டத்தில் ஓய்வு நாளைக் கழிக்க வந்த தொழிலாளிகள் பலர். அவர்களின் முகத்தைக் கேட்காமல் படம் பிடிப்பது மரியாதையும் அல்ல.

இனி ஆள்களைப் பார்ப்போம். டைரக்டர் ஒருவர், கேமராவுக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், நேரத்தையும் பட்டியலையும் பார்த்துக்கொள்ள ஒருவர், உடுப்பு, சாமான், முந்தின காட்சியில் வளையல் எந்தக் கையில் இருந்தது என்பதையெல்லாம் கவனிக்க ஒருவர். நடிகர்கள் இரண்டு பேர். இவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. நட்புக்காக வந்தவர்கள். அதட்டினால் அடுத்த நாள் வரமாட்டார்கள்.

ஆகவே மாணவ டைரக்டரின் முதல் வேலை, தனக்கு வேண்டியதை ஒவ்வொருவருக்கும் தெளிவாகச் சொல்வது. நடிகரிடம் "சோகமாக நடி" என்று சொல்லிப் பயனில்லை. "இந்த வளையல் அம்மா கல்யாணத்தன்று போட்டது; கடைக்காரர் அதைத் தராசில் வைக்கப் போகிறார்" என்று சொன்னால் போதும், முகம் தானே மாறும். ஒரு தவறு நேர்ந்தால் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. ஆறு மணிக்கு முடிப்பதாகச் சொல்லியிருந்தால் ஆறு மணிக்கு முடிக்க வேண்டும். அடுத்தவரின் உழைப்பை வீணாக்காமல் இருக்கத் தெரிந்தவர்தான் டைரக்டர்.

காணாமல் போன எழுபது பெட்டிகள்

உழைப்பு வீணானால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஓர் உண்மைக் கதை உண்டு. 1992-ல் சாண்டி டான், ஜாஸ்மின் இங், சோபியா சித்திக் என்ற மூன்று இளம் பெண்கள் 'ஷர்க்கர்ஸ்' என்ற படத்தில் இறங்கினார்கள். கதை எழுதி, நாயகியாக நடித்தவர் சாண்டி டான். டைரக்ட் செய்தவர் அவர்களுக்குச் சினிமாப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். ஊர் முழுக்க அலைந்து படப்பிடிப்பை முடித்தார்கள். முடிந்ததும், படச்சுருள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு அந்த ஆசிரியர் மறைந்துவிட்டார்!

ஆண்டுகள் ஓடின. அந்த மனிதர் இறந்த பிறகு, 2011-ல் அவருக்கு மனைவியாக இருந்தவரிடமிருந்து செய்தி வந்தது. 70 படச்சுருள் பெட்டிகளும் பத்திரமாக இருந்தன. ஆனால் ஒலி இல்லை, பேசியதெல்லாம் போய்விட்டது. அந்தச் சுருள்களை வைத்தே, நடந்த கதையைச் சாண்டி டான் ஓர் ஆவணப்படமாக்கினார். 2018-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் அதற்கு டைரக்டர் பரிசு கிடைத்தது. ஜாஸ்மின் இங்கும் சும்மா இருந்துவிடவில்லை; 1999-ல் 'ஈட்டிங் ஏர்' படத்தை இன்னொருவருடன் சேர்ந்து எடுத்தார். பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆனாலும் இருபது வயதில் எடுத்த அந்தப் படம் எடுத்தபடி வெளிவரவே இல்லை.

இப்போது பிலிம் சுருள் இல்லை; கட்டைவிரல் நகத்தளவு அட்டையில் ஒரு நாள் உழைப்பே அடங்கிவிடுகிறது. தொலைப்பதும் அத்தனை சுலபம். அன்றைய படப்பிடிப்பை அன்றிரவே இரண்டு இடங்களில் நகல் எடுத்து, இரண்டு பேர் வீட்டில் வைத்த பிறகே அட்டையை அழிக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை படம் எடுக்கப் போகிறேன் என்றால் தடுக்க வேண்டாம், கேள்வி கேளுங்கள். படம் யாருக்குச் சொந்தம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாயா? நகல் எத்தனை, யார் யாரிடம் இருக்கிறது? அனுமதி வாங்கினாயா? கூட வருகிறவர்களுக்குச் சாப்பாடு யார் கொடுப்பது? இந்த நான்குக்கும் பிள்ளை பதில் சொன்னால், பொறுப்போடுதான் போகிறது என்று நம்பலாம்.

நாளைக்கு அந்தப் பிள்ளை நண்பர்களோடு உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, "பாட்டி, நீங்கள் மரம் வெட்டப் போன கதையைச் சொல்லுங்கள்" என்று கேமராவை வைக்கலாம். உட்கார்ந்து சொல்லுங்கள். வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தேத்தண்ணியும் கொடுங்கள். நம் தோட்டத்துக் கதையை நம் பிள்ளைகள் எடுக்காவிட்டால், வேறு யார் எடுக்கப் போகிறார்கள்?