அணுவின் குரலைத் தெளிவாகக் கேட்பது எப்படி?

மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். நோயாளியைப் பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து வானொலி அலைகளைச் செலுத்துகிறார்கள். உடம்பிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கருக்கள் அதற்கு மறுகுரல் கொடுக்கின்றன. இதற்கு அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்று பெயர். இந்த ஆய்வுக்காக பிளாக், பர்செல் என்னும் இருவருக்கு 1952இல் நோபல் பரிசு கிடைத்தது. இதே முறையால் கல், மண், கண்ணாடி போன்ற திடப்பொருள்களையும் ஆராயலாம். ஆனால் அங்கே ஒரு பெரிய தடை இருந்தது. அதை எவ்வாறு வென்றார்கள் என்று இன்று காண்போம்.

முதலில், இதனால் நமக்கு என்ன பயன்? மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். கச்சா எண்ணெயின் கனமான பகுதியை உடைத்துப் பெட்ரோலாக்குவதற்குச் சியோலைட் என்ற, நுண்துளைகள் நிறைந்த பொருள் உதவுகிறது. அதில் அலுமினிய அணு நான்கு ஆக்சிசன் அணுக்களின் நடுவே அமர்ந்திருக்கிறது. கடும் சூட்டிலும் நீராவியிலும் அது இடம்விட்டு வெளியேறினால், சியோலைட்டின் வேலைத்திறன் மாறிவிடுகிறது. ஆகவே அலுமினியம் எங்கே இருக்கிறது என்று அறிவது அவசியம்.

அதை அணுக்கருவின் குரலே சொல்லும். நான்கு ஆக்சிசன் சூழ இருக்கும் அலுமினியத்தின் சுருதி வேறு. ஆறு ஆக்சிசன் சூழ இருப்பதன் சுருதி வேறு. ஆனால் திடப்பொருளில் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு திசையில் நிற்பதால், திசைக்கொரு சுருதி எழுகிறது. ஒரே அலைவரிசையில் பல நிலையங்கள் கலந்து ஒலித்தால் எதுவும் புரியாதல்லவா? அதே நிலைதான்.

1958, 1959ஆம் ஆண்டுகளில் ஆண்ட்ரூ, லோ ஆகியோர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். திடப்பொருளைக் காந்தப்புலத்துக்கு 54.7 பாகை சாய்த்துப் பம்பரம்போல் சுழற்றினார்கள். இது மாயக்கோணம் எனப்படும். எல்லாப் பக்கமும் சமமான பெட்டியின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ளே ஒரு குச்சியை வைத்தால், அது விளிம்போடு செய்யும் கோணமே இது. இன்று குழாய்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை சுழல்கின்றன.

உருண்டையான அணுக்கருக்களுக்கு இது பெரிதும் போதும். அலுமினியம், சோடியம் போன்றவற்றின் அணுக்கருவோ உருண்டையன்று. முட்டைபோல் நீண்டோ, பூசணிபோல் தட்டையாகவோ இருக்கும். இவற்றை நான்முனை அணுக்கருக்கள் என்பர். சுற்றிலுமுள்ள மின்விசை இவற்றை இழுக்கும்போது, மாயக்கோணத்தில் சுழற்றிய பின்னும் ஒரு மங்கல் எஞ்சி நிற்கிறது. அந்த மங்கல் 30.6 அல்லது 70.1 பாகையில் மறையும். ஆனால் அங்கே பழைய மங்கல் திரும்பிவிடும். இரண்டையும் போக்கும் ஒரே கோணம் கிடையாது!

1988இல் எஸ்தோனியாவின் சாமோசன், லிப்மா ஆகியோரும் அமெரிக்காவின் பைன்சும் சேர்ந்து, சுழலும் குழாய்க்குள் இன்னொரு சுழலும் குழாயை வைத்தார்கள். வெளிக்குழாய் 54.7 பாகை சாய்ந்திருக்க, உட்குழாய் அதிலிருந்து 30.6 பாகை சாய்ந்தது. இரு மங்கல்களும் அகன்றன. ஆனால் அக்கருவியைச் செய்வதும் வேகமாகச் சுழற்றுவதும் கடினம்.

1995இல் ஃபிரிட்மன், ஹார்வுட் என்னும் இருவர் எளிய வழி காட்டினார்கள். குழாய் ஒன்றே, கோணமும் ஒன்றே. அணுக்கருவின் ஆற்றல் நிலைகள் படிக்கட்டுப்போன்றவை. முதலில் பல படிகளை ஒருங்கே தாண்டும் நிலையில் அதைச் சற்று நேரம் விடுகிறார்கள். பிறகு ஒரு படி தாண்டும் நிலைக்கு மாற்றுகிறார்கள். இரண்டிலும் மங்கலின் அளவு வேறு. ஆனால் விகிதம் தெரிந்ததே. நேரத்தைக் கணக்கிட்டு வைத்தால், போகையில் சேர்ந்த மங்கலைத் திரும்புகையில் கழித்துவிடலாம். ஒன்றாய்க் கலந்த குரல்கள் தனித்தனியே கேட்கின்றன.

காந்தத்துக்கு மறுகுரல் தரும் அணுக்கரு வகைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு நான்முனை வகையே. இந்த வழிகள் இல்லையேல், திடப்பொருள்களில் அவை சொல்லும் செய்தியில் பெரும்பகுதி நமக்கு இரைச்சலாகவே இருந்திருக்கும்.