தெரியாத ஆளிடம் துப்பாக்கியை விற்கும் முன்பு



மலையடிவாரத்துக் கிராமங்களிலே, பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி இன்றைக்கும் சில வீடுகளில் இருக்கிறது. ஒற்றைக் குழலோ, இரட்டைக் குழலோ, அப்பா காலத்தில் வாங்கியதாக இருக்கும். இப்போது தோட்டத்தைச் சுற்றி சோலார் வேலி போட்டாச்சு. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போயாச்சு. லைசென்சைப் புதுப்பிக்க ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்க உடம்பிலே தெம்பில்லை. ‘வித்துடலாம்’ என்று தோன்றுகிறது. விற்கலாங்க, அதில் ஒரு தவறும் இல்லை. சொந்த உபயோகத்துக்கு முறைப்படி வைத்திருக்கிற துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆனால் யாரிடம் விற்கிறோம், எப்படி விற்கிறோம் என்பதிலேதான் வில்லங்கம் இருக்கு. அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

சந்தையிலே மாடு விற்கிறோம். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசி, கயிற்றை மாற்றிக் கொடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. வாங்கினவர் யார், எந்த ஊர் என்று கூட நாம் கேட்பதில்லை. அந்த மாடு நாளைக்கு யாரை முட்டினாலும் நம்மிடம் வந்து கேட்கப் போவதில்லை. துப்பாக்கி அப்படி இல்லை. அதிலே ஒரு நம்பர் வெட்டியிருக்கும். அந்த நம்பர் உங்கள் லைசென்சிலே, உங்கள் பெயர், விலாசம், போட்டோவோடு சேர்ந்து பதிவாகியிருக்கும். பணம் கைமாறினாலும் பதிவு மாறாது. மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு ஆர்.சி. புக்கைப் பெயர் மாற்றாமல் விட்டவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். எங்கேயோ விபத்து நடக்கும், போலீஸ் இவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அதுவே துப்பாக்கியாக இருந்தால்? ஒரு கொள்ளையிலோ, காட்டிலே மான் வேட்டையிலோ அது பிடிபட்டால், முதலில் தேடி வருவது நம்பருக்கு உரியவரைத்தான். ‘அன்னைக்கே வித்துட்டேனுங்க’ என்று வாயால் சொன்னால் எடுபடாது. அதைவிடப் பெரிய விஷயம், அந்தத் துப்பாக்கியால் ஒரு உயிர் போயிருந்தால் எந்தக் காகிதத்தாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

சரி, வாங்க வருகிறவர் எப்படி வருவார்? டீக்கடையிலே யாராவது சொல்லிவிட்டிருப்பார்கள், அல்லது ஒரு தரகர் கூட்டிக்கொண்டு வருவார். ஆள் பார்க்க மரியாதையாக இருப்பார். “ஐயா, எங்க தோட்டத்துல பன்னித் தொல்லை தாங்கலீங்க. பாதிப் பணம் இப்பவே வச்சுக்குங்க. லைசென்ஸ் அப்ளை பண்ணியிருக்கேன், வந்துடும். அதுவரைக்கும் பொருள் எங்கிட்ட இருக்கட்டும்” என்பார். இந்தப் பேச்சைக் கேட்டதும் அட்வான்சைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அப்ளை செய்தவர் வேறு, லைசென்ஸ் கையில் உள்ளவர் வேறு. ‘ரெண்டு நாள் சுட்டுப் பார்த்துட்டுத் தர்றேன்’ என்று கேட்பதும் இதே ரகம்தான். எதிராளி துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதியுள்ளவரா என்று முன்கூட்டி உறுதி செய்யாமல் அவர் கையிலே கொடுப்பதையே சட்டம் குற்றமாகச் சொல்கிறது. விற்றிருக்க வேண்டும் என்பதில்லை, கொடுத்தாலே போதும்.

இன்னொன்று, விலை. பழைய துப்பாக்கிக்கு வாங்குகிற ஆட்கள் கொஞ்சம்தான், அதனாலே பெரிய விலை போகாது. நீங்கள் சொன்ன விலைக்கு மேலே ஒருத்தர் தருகிறேன் என்றாலும், அவசரப்படுத்தினாலும், ‘பேப்பர் எல்லாம் எதுக்குங்க’ என்றாலும் சந்தேகப்படணும். ‘நம்பரைத் தேய்ச்சுடலாம், யாருக்கும் தெரியாது’ என்று ஒருவர் சொன்னால் அவர் என்ன நோக்கத்தோடு வந்திருக்கிறார் என்று சொல்லவே வேண்டாம். நம்பரை அழிப்பது தனிக் குற்றம்.

அப்போ முறை என்ன? முதலிலே வாங்குகிறவருடைய லைசென்சை அசலாகப் பார்க்கணும். செல்போனில் காட்டுகிற படமோ ஜெராக்ஸோ போதாது. போட்டோவும் ஆளும் ஒன்றுதானா, கெடு தேதி தாண்டாமல் இருக்கிறதா, யு.ஐ.என். என்கிற தனி அடையாள எண் இருக்கிறதா, உங்களிடம் உள்ள வகைத் துப்பாக்கிக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறார்களா என்று நிதானமாகப் பாருங்கள். இங்கிலீஷ் படிக்க வராதென்றால் தெரிந்தவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், இதிலே வெட்கம் என்ன இருக்கு? அந்த லைசென்சிலே ஏற்கெனவே எத்தனை துப்பாக்கி ஏறியிருக்கிறது என்பதும் முக்கியம். முன்பெல்லாம் ஒருவர் மூன்று வரை வைத்திருக்கலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது இரண்டாகக் குறைந்துவிட்டது. இரண்டு ஏறியிருக்கிறவர் மூன்றாவதாக உங்களுடையதை வாங்க முடியாது. 21 வயது நிறையாதவருக்கும் விற்கக் கூடாது.

அடுத்தது எழுத்து மூலம் தகவல் கொடுப்பது. பலர் கோட்டை விடுவது இந்த இடத்திலேதான். ‘அவரிடமும் லைசென்ஸ் இருக்கு, என்னிடமும் இருக்கு, அப்புறம் என்ன’ என்று மாற்றிக்கொண்டு விடுகிறார்கள். அது போதாது. இந்தத் துப்பாக்கியை, இந்த நம்பர் உள்ளதை, இன்ன பெயர், இன்ன விலாசம் உள்ளவருக்கு விற்க உத்தேசித்திருக்கிறேன் என்று மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு, அதாவது கலெக்டருக்கு, அல்லது பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் அதிகாரிக்கு எழுதிக் கொடுக்கணும். கொடுத்து 45 நாள் முழுசாகக் கழிந்த பிறகுதான் துப்பாக்கி கைமாறலாம். இந்த நிபந்தனை 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்திலே சேர்ந்தது. வருகிறவர் யார், அவர்மேல் என்ன கேஸ் இருக்கிறது என்பது உங்களுக்கோ எனக்கோ தெரியாது. அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கத்தான் அந்த அவகாசம். கடுதாசியை இரண்டு பிரதியாக எழுதிக்கொண்டு போங்கள். ஒன்றிலே தேதி போட்டு, ஸ்டேஷன் முத்திரை வைத்துக் கையெழுத்து வாங்கி, நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். நாள் எண்ணுவது அந்தத் தேதியிலிருந்துதான்.

‘45 நாளா? அவ்வளவு நாள் எனக்குத் தாங்காது’ என்று வாங்க வந்தவர் போய்விட்டால் போகட்டும். நல்ல காரியத்துக்கு வாங்குகிறவர் காத்திருப்பார்.

இந்த முறையை மீறி விற்றால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்துவதற்காக அல்ல, பழைய தண்டனையை நினைத்துக்கொண்டு ‘அபராதம் கட்டிட்டா போச்சு’ என்று பேசுகிறவர்கள் இருப்பதனாலே சொல்கிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்துக்குப் புறம்பாகத் துப்பாக்கியை விற்பதற்குக் குறைந்தது 7 வருஷம் ஜெயில், அதிகபட்சம் ஆயுள் தண்டனை, அதோடு அபராதமும் உண்டு.

கைமாற்றுகிற நாளிலே வீட்டில் வைத்துக் கொடுக்காதீர்கள். முன்பின் தெரியாத ஆளுக்கு நம் வீட்டிலே துப்பாக்கி எந்த மூலையில் இருந்தது என்று எதற்குத் தெரியணும்? லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலே வைத்து மாற்றிக்கொள்வது உத்தமம். கடைக்காரர் உங்கள் லைசென்ஸ், அவர் லைசென்ஸ் இரண்டையும் பார்ப்பார். கொண்டுபோகும்போது தோட்டாவை எடுத்துவிட்டு, உறையிலே போட்டு, உங்கள் லைசென்சைக் கையோடு வைத்துக்கொண்டு போங்கள். இந்த அலைச்சலே வேண்டாம் என்றால், அந்தக் கடைக்காரருக்கே விற்றுவிடலாம். விலை கொஞ்சம் குறையும், தூக்கம் நன்றாக வரும். என்னைக் கேட்டால், ஆள் தெரியாத இடத்திலே இதைத்தான் சொல்வேன்.

விற்ற பின்பு ஒரு ரசீது எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். துப்பாக்கி நம்பர், வாங்கினவருடைய லைசென்ஸ் நம்பர், தேதி, தொகை எல்லாம் அதிலே இருக்கட்டும். அப்புறம் அந்த ரசீது நகலோடு கலெக்டர் ஆபீசுக்குப் போய், உங்கள் லைசென்சிலிருந்து அந்தத் துப்பாக்கியை நீக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். நீக்கியாயிற்றா என்று கண்ணால் பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

மிச்சம் இருக்கிற தோட்டாவை ‘இதையும் வச்சுக்கப்பா’ என்று இனாமாகத் தூக்கிக் கொடுக்கிற பழக்கம் உண்டு. தோட்டாவுக்கும் துப்பாக்கிக்குச் சொன்ன அதே சட்டம்தான். அந்த வகைத் தோட்டா வாங்க லைசென்ஸ் இல்லாதவரிடம் ஒன்று கூடப் போகக் கூடாது. கிணற்றிலே போடுவது, குப்பையோடு சேர்த்து எரிப்பது எல்லாம் ஆபத்து. கடையிலோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

தேர்தல் சமயத்திலே துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள், தெரியும். அப்போது கொடுக்கிற ரசீதை இன்னொருவரிடம் நீட்டி, ‘நீங்களே போய் எடுத்துக்குங்க’ என்று விலை பேசுவதும் கூடாது. ரசீது உங்கள் பெயரில் உள்ளது, எடுக்க வேண்டியதும் நீங்கள்தான்.

கடைசியாக, அப்பா காலமாகி, துப்பாக்கி பரண் மேலே கிடக்கிற வீடுகள். மகன் பெயரிலே லைசென்ஸ் இல்லையென்றால் அதை வீட்டில் வைத்திருப்பதே தவறு, விற்கிற பேச்சுக்கே இடமில்லை. முதல் வேலையாக ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அங்கேயோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்கிற முறையிலே நீங்கள் லைசென்சுக்கு மனுப் போடலாம். வேண்டாமென்றால், ஒப்படைத்த இடத்திலிருந்தே, தகுதியுள்ள ஒருவருக்கு விற்க எழுதிக் கொடுக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. இதற்குக் கெடு உண்டு. கெடு தாண்டினால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும், அதனாலே ஒப்படைக்கும்போதே எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பரணிலிருந்து இறக்கும்போது ஒரு எச்சரிக்கை. குழல் வாய் வழியாக மருந்து இடிக்கிற பழைய துப்பாக்கியாக இருந்தால், அப்பா போட்ட மருந்து உள்ளேயே இருக்கலாம். கம்பியால் குத்தாதீர்கள், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், குழலுக்குள்ளே கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். ஸ்டேஷனில் தகவல் சொல்லும்போதே இதையும் சொல்லிவிட்டால், விவரம் தெரிந்த ஆளை வைத்து இறக்க ஏற்பாடு செய்வார்கள்.