கண்டி இறக்கமும் சக்கரத்துக் கரும்பொடியும்

கண்டியில் வாகனம் கழுவும் இடங்களில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஐரோப்பியக் கார்களின் முன்சக்கரங்கள் கரி பூசியதுபோல் கறுத்திருக்கும். அதே பாதைகளில் ஓடிய ஜப்பானியக் காரிலோ மெல்லிய சாம்பல் படிவுதான் தெரியும். கழுவாத குறையல்ல இது. இரண்டின் பிரேக்குகளும் வெவ்வேறு பொருள்களால் ஆனவை.

பிரேக்கை மிதிக்கும்போது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு டிஸ்க்கை இரு பேட்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. ஜெர்மனியின் அதிவேகப் பாதைகளை மனதில் வைத்து உருவான பேட்களில் உருக்கு இழைகளும் உராயும் துகள்களும் கலந்திருக்கும். கடும் வேகத்திலும் அவை பிடி தளர்வதில்லை. ஆனால் தாம் தேய்வதோடு டிஸ்க்கையும் சுரண்டுகின்றன. அந்த இரும்புப் பொடிதான் சக்கரத்தில் கறுப்பாகப் படிந்து, மழை பட்டதும் துருவேறி விடாப்பிடியாக ஒட்டிக்கொள்கிறது. ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் உருக்கு இழை கலவாத பேட்கள் உள்ளன. அவை டிஸ்க்கின்மேல் மெல்லிய படலமொன்றைப் படியவிட்டு அதன்மீதே உராய்வதால் பொடி குறைவு, நிறமும் வெளிறியது. பிரேக் போடும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரங்களுக்கே வேலை அதிகம். பின்சக்கரம் சுத்தமாகத் தெரிவதற்குப் பல கார்களில் இன்னொரு காரணமும் உண்டு: அங்கே டிரம் பிரேக் இருக்கிறது, பொடியில் பெரும்பங்கு அதற்குள்ளேயே அடைபட்டுவிடுகிறது.

ஆனால் மலைநாட்டில் பேட்டின் வகையை விடப் பாதைதான் பெரிய விஷயம் என்பேன். கணக்கைப் பாருங்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறத்தாழ 500 மீட்டர். 1,200 கிலோ எடையுள்ள கார் றம்பொடை, புசல்லாவை வழியாக இறங்கி வரும்போது சுமார் 16 மெகாஜூல் ஆற்றலை எங்காவது தொலைத்தாக வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காரை ஏறத்தாழ 140 தடவை முற்றாக நிறுத்துவதற்குச் சமம் அது. காற்றும் ரயர்களும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி எஞ்சினுக்கா, பிரேக்குக்கா என்பது சாரதியின் கையில். கீழ் கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். உயர்ந்த கியரில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பேட் கொதிக்கும், தேய்வு பன்மடங்காகும், பிடியும் தளரும். கடுகண்ணாவையிலும் மகியங்கனைக்கு இறங்கும் 18 வளைவுகளிலும் இது உயிர்ப் பிரச்சினை.

ஹைபிரிட் கார்களில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தை மின்சாரமாக்குவதால் பேட்டுக்கு வேலை குறைகிறது. ஆனால் நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால் அந்த உதவி நின்றுபோகும். டொயோட்டா ஹைபிரிட்களின் கியரில் உள்ள 'பி' (B) நிலை, எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்த, இத்தகைய இறக்கத்துக்கென்றே வைக்கப்பட்டது. அதைத் தொடாமலே வருடக்கணக்கில் ஓட்டுவோர் பலர் இருப்பது வருத்தம் தருகிறது.

சக்கரத்தில் நாம் காண்பது பொடியின் ஒரு பங்கு மட்டுமே. தேய்ந்து உதிர்வதில் ஏறக்குறைய பாதி காற்றில் கலக்கிறது. அதில் நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகள்களும் உண்டு. கண்டியோ மலைகள் சூழ்ந்த கிண்ணம். காற்றோட்டம் மந்தமான காலை வேளைகளில் நெரிசலில் கிளம்பும் தூசு நகரின்மேலேயே தங்கிவிடும். புகைக்குழாயைச் சோதிக்கிறோம், பிரேக்கை யாரும் கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய யூரோ 7 விதிகள் முதன்முறையாக இதற்கு வரம்பு வைத்துள்ளன: பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் கார்களுக்கு 3.

இந்தப் பொடியை மிக அருகில் சுவாசிப்பவர்கள் கராஜ் தொழிலாளர்கள். டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய வாகனங்களின் பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கவும் கூடும். ஊதாமல் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், முகக்கவசம் அணியுங்கள். வண்டியைக் கொடுக்கும் நாமும் அதைக் கேட்டு வாங்கலாம்.