சேமித்தவுடன் மாறும் நிறம்

விளையாட்டில் வரும் வீரனின் தலைப்பாகை சிவப்பாக இருக்கிறது. மஞ்சள் பொருத்தமாக இருக்கும் என்று ஓவியருக்குத் தோன்றுகிறது. யூனிட்டி, கோடோ போன்ற கேம் எஞ்சின்களில் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்து வெளி மென்பொருளில் திறக்கச் சொன்னால், ஃபோட்டோஷாப்போ கிரிட்டாவோ கிம்ப்போ வந்து நிற்கிறது. நிறத்தை மாற்றிச் சேமித்துவிட்டு எஞ்சினுக்குத் திரும்பினால், அங்கே தலைப்பாகை மஞ்சளாகியிருக்கிறது. இடையில் என்ன நடந்தது?

முதல் பாதி மிக எளிது. அமைப்புகளில் நாம் குறித்துவைத்த மென்பொருளை எஞ்சின் இயக்குகிறது. படக் கோப்பு இருக்கும் இடத்தை அதற்குச் சொல்கிறது. அதோடு சரி. அதன்பின் இரண்டும் பேசிக்கொள்வதே இல்லை. வட்டில் உள்ள அந்தக் கோப்பு மட்டுமே இரண்டுக்கும் பொது. இந்த ஏற்பாட்டின் பலமே இதுதான். ஓவியர் தன் கைக்குப் பழகிய எந்த மென்பொருளையும் வைத்துக்கொள்ளலாம், நாளை வேறொன்றுக்கும் மாறலாம்.

கோப்பு மாறியது எஞ்சினுக்கு எப்படித் தெரிகிறது? அதன் சாளரம் மறுபடி முன்னால் வரும்போது திட்டக் கோப்புறையை ஒருமுறை அலசுகிறது. கோடோ முதலில் கோப்பு மாற்றப்பட்ட நேரத்தைப் பார்க்கிறது. நேரம் மாறியிருந்தால், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஓர் எண்ணைப் பழையதோடு ஒப்பிடுகிறது. வேறு சில கருவிகள் இயங்குதளத்தையே காவலுக்கு வைக்கின்றன. லினக்ஸில் 2005 முதல் ஐநோட்டிஃபை என்ற வசதி இதற்கென்றே உண்டு. ஆனால் காவலிலும் ஒரு சிக்கல். பாதியில் மின்சாரம் போனாலும் பழைய படம் பிழைக்க வேண்டும் என்பதால், பல மென்பொருள்கள் தற்காலிகப் பெயரில் புதுக் கோப்பை எழுதி முடித்து, பிறகே பழையதன் இடத்தில் அதை வைக்கின்றன. காவல் இருப்பவருக்கோ பழைய கோப்பு அழிந்து புதிது முளைத்ததாகத் தெரியும். நேராக மேலெழுதும் மென்பொருளென்றால், பாதி எழுதிய படத்தை எஞ்சின் வாசித்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் நன்றாக எழுதப்பட்ட கருவிகள் கோப்பில் எழுத்து ஓயும்வரை சற்றுப் பொறுத்தே அதைத் தொடுகின்றன.

உண்மையான உழைப்பு இதற்குப் பிறகுதான். ஓவியர் சேமித்த பிஎன்ஜி படத்தைக் கிராஃபிக்ஸ் சிப் அப்படியே பயன்படுத்த முடியாது. பிஎன்ஜி ஒரே நீள ஓட்டமாகச் சுருக்கப்பட்டது. நடுவிலுள்ள ஒரு புள்ளியின் நிறம் வேண்டுமென்றாலும் தொடக்கத்திலிருந்து விரிக்க வேண்டும். சிப்புக்கோ எந்த மூலையும் நொடியில் கைக்கு எட்ட வேண்டும். 2048க்கு 2048 புள்ளிகள் உள்ள படத்தை முழுதாக விரித்தால் 16 மெகாபைட். பிசி7 என்ற முறை அதை 4க்கு 4 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 16 பைட்டில் அடக்குகிறது. மொத்தம் 4 மெகாபைட், எந்தக் கட்டத்தையும் தனியாக எடுக்கலாம். இன்றைய கைபேசிகளில் ஏஎஸ்டிசி என்ற முறை இதே வேலையைச் செய்கிறது. தூரத்தில் நிற்கும் வீரனுக்காகப் பாதி, கால், அரைக்கால் அளவுப் பிரதிகளும் தயாராகின்றன. லான்ஸ் வில்லியம்ஸ் 1983இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த உத்தி இது. எல்லாப் பிரதிகளையும் சேர்த்தாலும் மூன்றில் ஒரு பங்கு இடம்தான் கூடுகிறது. இவை யாவும் தனிக் கோப்புறைக்குப் போகின்றன. ஓவியரின் மூலப்படத்தில் எஞ்சின் கைவைப்பதில்லை.

தலைப்பாகையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் பலரும் தூரிகையைத்தான் குறை சொல்கிறார்கள். காரணம் வேறு. கண்ணுக்குத் தெரியாத ஒளிபுகும் புள்ளிக்குள்ளும் ஒரு நிறம் எழுதப்பட்டிருக்கும். படத்தைச் சிறிதாக்கும்போது சிப் பக்கத்துப் புள்ளிகளைக் கலப்பதால், ஒளிந்திருந்த வெள்ளை வெளியே கசிகிறது. கோடோவில் ஃபிக்ஸ் ஆல்பா பார்டர் என்ற தெரிவு, விளிம்பின் நிறத்தையே அந்த மறைவிடங்களுக்கும் பரப்பி இதைச் சரிசெய்கிறது.

எனக்குக் குறையாகப் படுவது ஒன்று உண்டு. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பை யூனிட்டி நேரடியாக வாசிக்கும். கிரிட்டா, கிம்ப் இரண்டின் சொந்தக் கோப்புகளையும் கோடோ வாசிக்காது. லேயர்களோடு சேமித்தபின் பிஎன்ஜியாக ஒருமுறை ஏற்றுமதியும் செய்ய வேண்டும். மறந்தால் தலைப்பாகை சிவப்பாகவே இருக்கும். இலவச மென்பொருளை நம்பிப் படிக்கும் மாணவர்களுக்குத்தான் இந்தக் கூடுதல் வேலை. கிரிட்டாவும் ஏஸ்ப்ரைட் என்ற இன்னொரு ஓவிய மென்பொருளும் சாளரம் திறக்காமலே, கட்டளை வரி மூலம் ஏற்றுமதி செய்யக்கூடியவை. சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினால் தீர்ந்துவிடும். எஞ்சினுக்குள்ளேயே இன்னொரு ஓவியப் பலகையைக் கட்டுவதைவிட, இந்தப் பாலத்தை எஞ்சினோடு சேர்த்தே தருவதுதான் அதை உருவாக்குபவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை.

குழுவாக விளையாட்டு உருவாக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. யூனிட்டியில் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் மெட்டா என முடியும் ஒரு குட்டிக் கோப்பு இருக்கும். கோடோவில் அது இம்போர்ட் என முடியும். படத்துக்கான அமைப்புகளும் அடையாள எண்ணும் அதில்தான் இருக்கின்றன. படத்தை நண்பருக்கு அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்புங்கள்.