உப்பில் கரையும் சைலன்சர்: பழவேற்காட்டு லோடு வண்டிக்கு எது தாங்கும்?

ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல். நடுவில் லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், கோட்டைக்குப்பம் என வரிசையாக மீனவக் கிராமங்கள். பழவேற்காட்டில் பொழுது விடிவதற்குள் இறாலும் நண்டும் மடவையும் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். மினி லோடு வண்டிகள் பொன்னேரிக்கும் காசிமேட்டுக்கும் கிளம்பிவிடும். மீன்பாடு இல்லாத நாளில் அதே வண்டி சிமென்ட் மூட்டை ஏற்றும், கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோகும், நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கும் ஓடும். வீட்டில் அதுவும் ஓர் ஆள் மாதிரிதான்.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது நம் ஊர் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தது. தோஸ்த், பொலிரோ பிக்கப் எல்லாமும் உண்டு. எந்த வண்டியாக இருந்தாலும் கடலோரத்தில் சீக்கிரமே ஒரு நாள் 'படபட'வென்று கத்த ஆரம்பிக்கும். சைலன்சரில் ஓட்டை!

பழி பெரும்பாலும் உப்புக்காற்றின் மேல் விழும். அது பாதிக் கதைதான். மீதிப் பாதியை வண்டியே சுமந்துகொண்டு வருகிறது. மீன் பெட்டியிலிருந்து உருகி வழியும் உப்புத் தண்ணீர், பலகை இடுக்கு வழியாகச் சூடான சைலன்சர் மேலேயே சொட்டுகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். தினமும் இப்படி நடந்தால் எந்த இரும்பு தாங்கும்?

உள்ளேயும் ஒரு எதிரி உண்டு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. சென்னை வரை ஓடும் வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடேறி, அந்த ஈரம் காய்ந்துவிடும். குப்பத்துக்கும் ஏலக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அது உள்ளேயே தேங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். அதனால்தான் வெளியே ஒட்டுப்போட்ட சைலன்சர் சில மாதங்களிலேயே பக்கத்தில் இன்னொரு ஓட்டை விடுகிறது. உள்தடுப்புகள் ஏற்கெனவே போயிருக்கும். சில சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். அதையும் ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடுபவர்கள் உண்டு!

சரி, மாற்றுவது என்று முடிவானால் எதை மாட்டுவது?

வீட்டுப் பையன் 'சவுண்ட் பைப்' கேட்பான். உள்ளே தடுப்பே இல்லாத அகலக் குழாய் போட்டால் இழுவை கூடும் என்று சொல்பவர்களும் இருப்பார்கள். முதல் ஏஸ் வண்டியின் எஞ்சின் இரண்டு சிலிண்டர், சுமார் 16 குதிரைத் திறன். அதில் குழாயை அகலமாக்கினால் கூடுவது சத்தம்தான். வண்டி கிளம்புவதோ தெரு முழுக்கத் தூங்கும் நேரத்தில். சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தப்படி, ஒலி அல்லது புகை வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. மூன்று மாதம் லைசென்ஸும் போகும். அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று தனிப் பிரிவே இருக்கிறது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய பி.எஸ்.6 வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் சைலன்சருக்கு முன்னால் கன்வர்ட்டர், டீசல் வண்டியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, சென்சார்கள் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி சூடு தேவை. குறுந்தூரம் மட்டுமே ஓடினால் அந்தச் சூடு கிடைக்காமல் டேஷ்போர்டில் விளக்கு எரியும். உடனே 'அதைக் கழற்றிப் போட்டுடலாம்ணே' என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். வண்டியின் கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்சநேரம் ஓட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். இந்த வண்டிகளுக்குக் கம்பெனி பாகம்தான் சரி. விலை கூடத்தான், ஆனால் வேறு வழி மலிவாக முடிவதில்லை.

பழைய வண்டிக்கு, அதிலும் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதிக்கு மட்டும், உலோகத்தை உயர்த்திக்கொள்ள இடமிருக்கிறது. பெட்டியின் அளவும் குழாயின் விட்டமும் பழையபடியே இருக்க வேண்டும். சாதாரண இரும்புக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். அதிலும் வகை உண்டு. 409 என்ற வகையில் குரோமியம் சுமார் 11 சதவீதம். சைலன்சருக்கென்றே அதிகம் பயன்படுவது, ஆனால் காந்தம் ஒட்டும். 304-ல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். 316 அதற்கும் மேல், ஆனால் லோடு வண்டிக்கு அது வீண் செலவு. கடலோர வண்டிக்கு 304 போதும்.

வெல்டிங்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஸ்டெயின்லெஸ் குழாயைச் சாதாரண ராடு வைத்து ஒட்டினால் முதலில் துருப்பிடிப்பது அந்த ஒட்டுதான். அதற்குரிய ராடு வைத்திருக்கிறார்களா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஜி.ஐ. பைப்பை வளைத்து மாட்டுவது இன்னும் மோசம். துத்தநாகப் பூச்சு சூட்டில் புகைந்து, வெல்டருக்குக் காய்ச்சலே வரும்.

இதையெல்லாம்விட முக்கியமானது, ஓட்டை எங்கே இருக்கிறது என்பது. வால் பக்கம் என்றால் சத்தத்தோடு போகும். கேபினுக்கு அடியில், எஞ்சினை ஒட்டிய இணைப்பில் கசிந்தால் புகை உள்ளே வரும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் அறிவித்தது. பெட்ரோல், கேஸ் வண்டிகளில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து அதிகம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு மடியில் குழந்தையோடு போகும்போது எல்லோருக்கும் ஒரேபோலத் தலைவலிக்கிறது, தூக்கம் வருகிறது என்றால் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுங்கள். அந்த ஓட்டைக்கு மாதக் கடைசி வரை காத்திருக்கக் கூடாது.

புதிதாக மாட்டியபின் காசில்லாத வேலை இரண்டு உண்டு. பலகையில் வழியும் ஐஸ் தண்ணீர் சைலன்சர் பக்கம் போகாமல் ஒரு ஹோஸ் வைத்து ஓரமாக வடித்துவிடுங்கள். மார்க்கெட்டிலிருந்து திரும்பி வண்டி ஆறியபிறகு அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மழைக்காலத்தில் சாலையில் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிட்டால், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காமல் மெக்கானிக்கை அழைப்பதே நல்லது.

பட்டறையிலிருந்து கிளம்பும் முன், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கன்வர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் ஈகோ வேன்களின் சைலன்சர்கள் அதற்காகவே திருடுபோயிருக்கின்றன. அப்படியே வழியில் புகைப் பரிசோதனையும் செய்து, சான்றிதழை வண்டியிலேயே வைத்துவிடலாம்.